குடைப் பாட்டும் பதினோரு காலர்களும்

அம்மாவுக்கு எந்தப் பாட்டும் பிடிக்காது. சிலருக்குப் பூனை ஆகாது, சிலருக்கு லிஃப்ட் ஆகாது. அதுபோல அம்மாவுக்குப் பாட்டு ஆகாது என்று வீட்டில் நாங்கள் ஏற்றுக்கொண்டிருந்தோம். அப்பா குளிக்கும்போது பாடுவார். பழசு, புதுசு, சோகம், கும்மாளம் எல்லாவற்றையும் ஒரே மெட்டுக்குள் அடக்கிவிடும் திறமை அவருக்கு உண்டு. அம்மா குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "தண்ணி வீணாப் போகுது" என்பாள். அவர் பாட்டைப் பற்றி இத்தனை வருடத்தில் அவள் சொன்ன விமர்சனம் அது ஒன்றுதான்.

அம்மா சட்டை தைக்கும் யூனிட் ஒன்றில் செக்கிங் மேஜையில் இருக்கிறாள். தைத்து முடித்த காலர்கள் முப்பது முப்பதாகக் கட்டி பண்டிலாக அவள் மேஜைக்கு வரும். அவிழ்த்து, ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் இழுத்து, புரட்டி, முனையைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்து, மூன்றில் ஒன்று சொல்ல வேண்டும்: பாஸ், ஆல்ட்டர், ரிஜெக்ட். ஒரு காலருக்கு ஆறு விநாடி. பத்தொன்பது வருடமாக இதே வேலை. அதற்கு முன் பிசிறு மேஜையில் இருந்தாள். தைத்த துணியில் தொங்கும் நூலை வெட்டுகிற இடம் அது. புதிதாகச் சேருகிறவர்களை முதலில் அங்கேதான் உட்கார வைப்பார்கள். அங்கிருந்து செக்கிங் மேஜை இருபதடி தூரம். அந்த இருபதடியைக் கடக்க அம்மாவுக்கு நான்கு வருடம் ஆயிற்று.

அந்த வேலை அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. சினிமாவுக்குக் கூட்டிப்போனால், படம் முடிந்ததும், "அந்த அடி வாங்குற சீன்ல அவன் சட்டையில மேல் பட்டன் இல்ல. அடுத்த நிமிஷம் வந்துடுச்சு. யாரு தச்சா?" என்பாள். கதையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் கோட்டு ஓரத்தை இழுத்துப் பார்த்திருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கறுப்பு அங்கியோடு மேடையை விட்டு இறங்கி வந்தபோது அப்பா அழுதுகொண்டிருந்தார். அம்மா என் காதருகே குனிந்தாள். ஏதோ சொல்லி வாழ்த்தப்போகிறாள் என்று நினைத்தேன். "கீழ மடிப்புல மூணு தையல் விட்டிருக்கு. காலை இடறிடப் போகுது, பாத்து நட" என்றாள்.

இப்படி ஒரு அம்மாவைத்தான் முப்பத்தேழு பேர் கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். பாட்டுத் தேர்வு செய்யும் பதவிக்கு.

அதற்குக் காரணம் ஒரு சண்டை. யூனிட்டின் நடுத்தூணில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. யாருடைய போனையாவது அதோடு இணைத்துப் பாட்டு வைப்பார்கள். காலர் லைனில் உள்ளவர்களுக்குச் சோகப் பாட்டு வேண்டும். சட்டைக் கை தைக்கும் கை லைனில் உள்ளவர்களுக்குக் குத்துப் பாட்டு வேண்டும். அழுவதற்குத்தான் வீடு இருக்கிறதே, இங்கே வேறு எதற்கு என்று கை லைன் கேட்டது. உங்கள் பாட்டைக் கேட்டால் ஊசியே வழிதவறிப் போகிறது என்று காலர் லைன் சொன்னது. சோகத்தில் இருக்கிற சுகம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒருத்தி கேட்க, உன் சுகத்தை உன் காதுக்குள்ளேயே வைத்துக்கொள் என்று இன்னொருத்தி சொல்ல, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு பாட்டின் மூன்றாவது சரணத்தில் நூல் சுற்றிய பாபின் ஒன்று பறந்து வந்து தூணில் பட்டுத் தெறித்தது. மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். இன்னொரு தடவை சண்டை என்று காதில் விழுந்தால் பெட்டி இறங்கிவிடும் என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அதனால் நம்பினார்கள்.

கை லைனின் முதல் மெஷினில் இருக்கும் பெண்மணிக்கு சி.ஐ.டி. என்று பட்டப்பெயர். யார் எத்தனை நிமிடம் கழிப்பறையில் இருந்தார்கள், யாருடைய டப்பாவில் நேற்றைய சாப்பாடு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர்தான் வழி சொன்னார். பாட்டுப் பிடித்தவர் கையில் பெட்டியைக் கொடுத்தால் அவருக்குப் பிடித்ததைத்தான் வைப்பார். எதுவுமே பிடிக்காத ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் மொத்த ஹாலும் செக்கிங் மேஜைப் பக்கம் திரும்பியது.

அன்று சாயங்காலம் அம்மா அப்பாவிடம், சுவரைப் பார்த்தபடி, "இன்னிக்கு ஓட்டு எல்லாம் போட்டாங்க" என்றாள்.

"நீ எதுக்கு நின்னே?" என்றார் அப்பா.

"எங்க நின்னேன்? உக்காந்துட்டுத்தான் இருந்தேன்."

முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தேழு கை. தூக்காத ஒன்று அவளுடையது. தன்னை ஒருவர் எதற்காவது தேர்ந்தெடுப்பது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்கு அப்பா தன்னைத் தேர்ந்தெடுத்ததைச் சொன்னால், அவருக்கு அப்போது வேறு வழி இல்லை என்பாள். மறுநாள் கோடு போட்ட ஒரு நீளநோட்டு வாங்கி வந்தாள்.

பாட்டு நோட்டு வேலையை அவள் செய்த விதத்தைப் பார்த்து நான் முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டேன். காலையில் அடுப்படியில் போனை வைத்து ஒவ்வொரு பாட்டாக ஓடவிடுவாள். ஆறு விநாடியில் முடிவு சொல்ல முடியவில்லையே என்பது அவளுக்கு ஒரு குறை. நோட்டில் மூன்று கட்டம். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் ரிஜெக்ட். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் யாரும் சாகக்கூடாது. அம்மா செத்த பாட்டு எந்த நேரத்திலும் கூடாது, கண் கலங்கினால் ஊசி விரலில் ஏறும். விசில் அடிக்கலாம், ஆனால் பாட்டுக்கு இரண்டு தடவைதான். ஒரு காதல் பாட்டுக்கு எதிரே 'ஆல்ட்டர்' என்று எழுதியிருந்தாள். என்னவென்று கேட்டேன். "ரெண்டாவது சரணம் வரைக்கும் நல்லா வந்திருக்கு. அதுக்கப்புறம் எதுக்கோ கத்துறான். அதை வெட்டிட்டா போடலாம்" என்றாள். நான்தான் வெட்டிக் கொடுத்தேன்.

ஒரு சோகம் போட்டால் அடுத்தது ஒரு குத்து. காலர் லைனுக்கு எத்தனையோ கை லைனுக்கும் அத்தனை. எட்டு மாதம் யாரும் பாபினை வீசவில்லை. இரண்டு லைன்காரர்களும் அம்மா தங்கள் பக்கம்தான் என்று நம்பினார்கள். ஒரு நடுவருக்கு இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் உண்டா?

என் பங்கைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. படிப்பை முடித்து, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். கல்லூரியில் கடைசி வருடம் ரசனை பற்றி ஒரு பாடம் இருந்தது. நல்ல பாட்டு என்று ஒன்று உண்டா, அல்லது நமக்குப் பிடித்த பாட்டு என்பது மட்டும்தான் உண்டா என்று கேட்டிருந்தார்கள். பன்னிரண்டு பக்கம் எழுதி, இரண்டும் உண்டு என்று முடித்தேன். நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அப்பா குளிக்கும்போது என் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்தது.

அம்மாவின் பட்டியலுக்குப் பாட்டுகளைத் தேடி இறக்கித் தருவது நான்தான். அவற்றுக்கு நடுவே என்னுடையதையும் நுழைத்தேன். விடுதியில் சீனியர்கள் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்பார்களே, அந்த மாதிரி; வார்த்தை இல்லாமல், ஒற்றைப் பியானோவில், ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே ஒரு தேநீர் போட்டுவிடலாம் என்கிற அளவுக்கு இடைவெளி விட்டு வருவது. முப்பத்தெட்டுப் பெண்களின் ரசனையைச் சத்தமில்லாமல் உயர்த்திவிடலாம் என்று நினைத்தேன்.

அம்மா முழுவதும் கேட்டாள். "யாரோ ஒருத்தர் கதவைத் தட்டுறாரு. உள்ள ஆள் இல்ல" என்றாள்.

"உனக்கு அது புரியலம்மா."

"புரியுது. அவருக்குத்தான் புரியல. நாலு நிமிஷமா தட்டுறாரு."

ரிஜெக்ட். எனக்கு ரோஷமாக இருந்தது. அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. உண்மையில் அந்தப் பியானோ எனக்குப் பிடித்திருந்ததா, அல்லது அது பிடித்த ஆளாக இருப்பது பிடித்திருந்ததா என்று அன்று யோசிக்க வேண்டியதாயிற்று. பதில் கிடைக்காததால் அன்றைக்கு வேறு இரண்டு விண்ணப்பம் போட்டேன்.

எண்ணிக்கையை நிரப்புவதற்காக இறக்கிய ஒரு தொகுப்பில்தான் குடைப் பாட்டு வந்தது. மூன்று நாள்கூட ஓடாத ஒரு படத்தில் வருவது. ஒரு பெண் பேருந்தில் ஏறிவிடுகிறாள். குடையை நிறுத்தத்திலேயே மறந்துவிடுகிறாள். கதாநாயகன் குடையை எடுத்துக்கொண்டு பேருந்தின் பின்னால் ஓடிக்கொண்டே பாடுகிறான். ஓடுகிற ஒருவனுக்கு எப்படி மூச்சு வாங்காமல் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நடுவில் நடத்துநரும் ஒரு வரி பாடுகிறார். போனில் இருந்த பாட்டுகளிலேயே மட்டமானது எது என்று என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் அதைத்தான் காட்டியிருப்பேன். அம்மா அதை பாஸ் கட்டத்தில் எழுதினாள். அளவு சரியாக இருந்ததால் எழுதினாள் என்று நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சி.ஐ.டி. அம்மாவின் எதிரே வந்து உட்கார்ந்து, காலர் கட்டோடு கணக்குக்காக வரும் பண்டில் சீட்டு ஒன்றைத் திருப்பி வைத்தார். பின்பக்கம் முழுவதும் சின்னச்சின்னக் கோடுகள். இருபத்தாறு வேலைநாள், இருபத்தாறு குடைப் பாட்டு, தினமும் மூன்று மணி பத்து நிமிடம். மற்ற எந்தப் பாட்டும் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வரவில்லை.

"என்னக்கா இது?" என்று மட்டும் கேட்டாராம்.

அம்மா, அது நன்றாக பாஸான பாட்டு என்றாளாம். பாஸான பாட்டு நூற்றுப் பத்து இருக்கிறதே என்றார் சி.ஐ.டி. சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் பேசிக்கொள்ளலாம், அதுவரை பெட்டிக்காகச் சண்டை வேண்டாம் என்று சி.ஐ.டி. எழுந்து போய்விட்டார். இதையெல்லாம் அம்மா அன்று எங்களிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தவள் பையைக்கூட இறக்காமல் ஊசியை எடுத்து நூல் கோத்தாள். முதல் தடவையே நுழைந்துவிட்டது. உருவிவிட்டு மறுபடியும் கோத்தாள். ஐந்தாறு தடவை. என்ன தைக்கப்போகிறாய் என்று அப்பா கேட்டார். ஒன்றும் இல்லை என்றாள். பிறகு, கடைசிப் பரிசோதனையில் தன் பண்டில் ஒன்று திரும்பி வந்துவிட்டதாகச் சொன்னாள். முப்பதில் பதினோரு காலர் பழுது. முனை கோணல், தையல் விட்டது, ஒன்றில் முனையே இல்லை. பதினொன்றையும் அவள் பாஸ் பண்ணியிருந்தாள். மேனேஜர் பழைய சீட்டுகளையும் எடுத்துப் பார்த்திருக்கிறார். போன மாதம் முழுவதும் ஒன்று இரண்டாகத் தவறியிருக்கிறது. எல்லாம் மூன்றிலிருந்து நான்கு மணிக்குள். மதியத்துக்கு மேல் கண் தளர்ந்துவிடுகிறது போல, வயது அப்படி, பிசிறு மேஜைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றாராம். சனிக்கிழமை வீட்டில் படித்தவர் யாராவது இருந்தால் அழைத்து வரச் சொன்னாராம், கண் டாக்டரைப் பற்றிப் பேசுவதற்கு.

படித்தவர் என்றால் நான். பட்டம் வாங்கியதிலிருந்து எங்கள் சொந்தத்தில் யாருக்கு எந்த அலுவலகத்தில் என்ன என்றாலும் என்னைத்தான் கூட்டிப்போகிறார்கள். அங்கே போய் நானும் அவர்களைப் போலத்தான் விழிப்பேன். ஆனால் கையில் பேனா இருக்கும்.

"அம்மா, அந்த நேரத்துல என்ன பாட்டு ஓடுச்சு?" என்று கேட்டேன்.

அப்போதுதான் செவ்வாய்க்கிழமைக் கதையும் வெளியே வந்தது.

"உனக்கு அந்தப் பாட்டு பிடிச்சிருக்கா?"

"எனக்கு என்னத்தைப் பிடிக்கும்? மூணு நிமிஷம் அம்பத்தஞ்சு செகண்டு. அளவா இருக்கு."

"அதே அளவுல இன்னும் பத்துப் பாட்டு இருக்கே."

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அந்தப் பத்துல குடை இல்ல."

அப்பா திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அம்மா ஊசிப் பெட்டியை மூடினாள்.

"பிடிச்சிருக்குன்னு மேனேஜர்கிட்ட சொல்லிடும்மா. பாட்டுல கவனம் போயிடுச்சு, இனிமே வைக்கலன்னு சொல்லு. கண்ணு தப்பிச்சிடும்."

"முப்பத்தேழு பேர் கை தூக்கினாங்கடி. இவளுக்கு எதுவும் பிடிக்காதுன்னு நம்பித் தூக்கினாங்க. இப்பப் போய் எனக்கு ஒண்ணு பிடிக்கும்னா, எட்டு மாசமா ஏமாத்திட்டு இருந்தேன்னு அர்த்தம்."

"அப்ப பிசிறு மேஜைக்குப் போறியா?"

அவள் ஊசிப் பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். பிடிக்கும் என்றால் நோட்டுப் போய்விடும். பிடிக்காது என்றால் மேஜை போய்விடும். நான் எழுதிய பன்னிரண்டு பக்கத்தில் இப்படி ஒரு இக்கட்டு வந்திருக்கவில்லை.

சனிக்கிழமை மதியத்தோடு வேலை முடியும். மெஷின்கள் நின்ற பிறகும் யாரும் கிளம்பவில்லை. கண்ணாடி அறைக்குள் மேனேஜர், அம்மா, நான். வெளியே முப்பத்தேழு பேரும் பையை மாட்டிக்கொண்டு, கிளம்புகிற மாதிரியே நின்றார்கள். மேனேஜர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, தனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்றார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் குறை இருக்காது என்று நினைக்கிறேன் என்று நான் தொடங்குவதற்குள் கதவு திறந்தது. தட்டாமல் உள்ளே வரும் பழக்கம் சி.ஐ.டி.க்கு மட்டும்தான்.

"சார், அக்காவுக்குக் கண்ணு நல்லா இருக்கு. பாட்டுதான் சார்" என்று பண்டில் சீட்டை மேஜையில் வைத்தார்.

அம்மாவைப் பதவியிலிருந்து இறக்குவதற்காக இருபத்தாறு நாள் போட்ட கோடுகள் அவை. இப்போது அவளைக் காப்பாற்றுவதற்கு வந்து நின்றன. அது சி.ஐ.டி.க்கும் தெரிந்திருந்தது, கொஞ்சம் எரிச்சலோடுதான் நின்றார். மேனேஜர் கோடுகளையும் தன் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அந்தப் பாட்டு உங்களுக்குப் பிடிக்குமாம்மா?"

"எனக்கு எந்தப் பாட்டும் பிடிக்காது சார்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்க. ஒருத்தருக்கு ஒரு பாட்டு பிடிச்சிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

வாழ்க்கையில் என் படிப்பிலிருந்து நேராக ஒரு கேள்வி வந்தது அந்த ஒரு தடவைதான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிடித்தல் என்பது ஒருவருடைய உள் அனுபவம், அதை வெளியிலிருந்து அளக்கும் கோல் கிடையாது, அவர் சொல்வதைத்தான் நாம் ஏற்க வேண்டும், ஆனால் அவரே தன்னை அறியாமல் இருக்கும் வாய்ப்பும் உண்டு என்று சொல்லிக்கொண்டே போனேன். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே ஒருத்தி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வச்சுப் பாத்தா தெரிஞ்சிடப் போகுது" என்றார் சி.ஐ.டி.

இரண்டு பண்டில் எடுத்தார்கள். மேனேஜரும் சி.ஐ.டி.யும் ஒவ்வொன்றிலும் பத்துப் பழுதுக் காலரைக் கலந்து கட்டினார்கள். அம்மா தன் மேஜையில் உட்கார்ந்தாள். முதல் பண்டிலுக்குப் பாட்டு இல்லை. ஹாலில் காலர் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. இழு, புரட்டு, நெருடு. மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டாள். பத்தையும் எடுத்துப் போட்டிருந்தாள். இன்னொன்றையும் எடுத்துத் தனியாக வைத்தாள்.

"இது உங்க கணக்குல இல்ல சார். இதுலயும் உள்ளே ஒரு தையல் விட்டிருக்கு."

மேனேஜர் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். இருந்தது. காலர் லைனில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

இரண்டாவது பண்டிலை அவிழ்க்கும்போது நான் குடைப் பாட்டை வைத்தேன். அம்மா தாடையை இறுக்கிக்கொண்டாள். பரீட்சைக்கு உட்காருகிற பிள்ளையைப் போல இருந்தது அந்த முகம். பிடிக்காது என்று காட்டிவிட வேண்டும் என்று தீர்மானமாக இருந்தாள். அப்படிக் காட்டினால் கண் போய்விட்டது என்றுதான் முடிவாகும் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு மறந்துபோயிருக்க வேண்டும். கதாநாயகன் குடையை எடுக்கும்வரை மூன்று பழுதைப் பிடித்துவிட்டாள். பேருந்து நகரத் தொடங்கியதும் நான்காவதைப் பிடித்தாள்.

பிறகு அவன் ஓட ஆரம்பித்தான்.

அம்மாவின் கை நிற்கவில்லை. இழுத்தாள், புரட்டினாள், நெருடினாள். ஆனால் கண் காலரில் இல்லை. தூணுக்கும் கூரைக்கும் நடுவே எங்கேயோ ஒரு பேருந்து போய்க்கொண்டிருந்தது. நடத்துநர் தன் வரியைப் பாடியபோது அம்மாவின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. எனக்கு இருபத்திரண்டு வயது. அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு பக்கம் முனை, மறுபக்கம் வட்டம் என்று இருந்த ஒரு காலரை எடுத்தாள். குழந்தையின் தலையைத் தடவுவது போலத் தடவினாள். பாஸ் பக்கம் வைத்தாள்.

கை லைனில் ஆரம்பித்த சிரிப்பு காலர் லைனுக்குப் பரவியது. பாட்டு முடிந்தபோது அம்மா மேஜையைப் பார்த்தாள். வட்ட முனைக் காலர் மேலாக இருந்தது.

"இதை நானா பாஸ் பண்ணேன்?"

பத்தில் நான்கைத்தான் பிடித்திருந்தாள். அவள் அந்தக் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவ்வளவு பெரிய குறை" என்று தனக்குள் சொன்னாள். பிறகு பைக்குள்ளிருந்து நீளநோட்டை எடுத்து சி.ஐ.டி.யின் கையில் கொடுத்தாள். "பிடிச்சிருக்கு போல" என்றாள், வயிற்றுவலி இருக்கிறது என்று டாக்டரிடம் ஒப்புக்கொள்கிறவளைப் போல.

கண்ணில் ஒன்றுமில்லை, மேஜை அப்படியே இருக்கட்டும் என்று மேனேஜர் முடித்துவிட்டார். அந்தப் பாட்டு மட்டும் வேலை நேரத்தில் இந்தக் கூரைக்குக் கீழே ஓடக்கூடாது என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது நான் காரணத்தைத் தேடினேன். அந்தப் பாட்டுக்கு அடியில் ஏதோ ஒரு கதை இருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. சின்ன வயதில் யாராவது குடை கொடுத்தார்களா? பேருந்தில் யாரையாவது பார்த்தாயா? அப்பாவுக்கு முன்னால் யாராவது? அம்மா நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லடி. கேக்க நல்லா இருக்கு. அவன் குடையைக் குடுத்துடுவானான்னு தினமும் பாக்குறேன். குடுக்கவே மாட்டேங்குறான்."

"நாளைக்கும் குடுக்க மாட்டான்மா. அது பதிவு பண்ணின பாட்டு."

"தெரியும்."

அவ்வளவுதான். பத்தொன்பது வருடமாகக் குறை மட்டுமே பார்த்த ஒரு பெண், தினமும் நான்கு நிமிடம் அதைப் பார்க்காமல் இருந்திருக்கிறாள். அதற்கு மேல் இதில் தோண்ட எதுவும் இல்லை என்று ஏற்றுக்கொள்ள எனக்குச் சில நாள் ஆயிற்று. தோண்டுவதற்குத்தான் எனக்குப் பட்டம் கொடுத்திருந்தார்கள்.

நோட்டுக்குப் புது ஆள் தேடினார்கள். எதுவும் பிடிக்காதவர் ஒருவர்கூட அகப்படவில்லை. கடைசியில் அயர்ன் மாஸ்டரிடம் கொடுத்தார்கள். நீராவி இரைச்சலில் அவருக்கு எந்தப் பாட்டும் காதில் விழாது. போனில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் வரும் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். மலை, அருவி, பச்சை வயல் என்றால் உடனே வைத்துவிடுகிறார். யாரும் குறை சொல்லவில்லை. சோகம், குத்து எல்லாம் சம அளவில்தான் வருகிறதாம்.

அம்மாதான் மாறிவிட்டாள். தனக்கு ஒரு பக்கம் கிடைத்துவிட்ட சந்தோஷம் அது என்று நினைக்கிறேன். வேலை நேரத்தில்தானே கூடாது, தேநீர் இடைவேளையில் வைக்கலாமே என்று மேனேஜரிடம் அவளே போய்க் கேட்டிருக்கிறாள். பாதிக்கு மேல் ஆள் சம்மதித்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். போன சனிக்கிழமை ஓட்டெடுப்பு நடந்தது. இந்தத் தடவை அம்மாவும் கை தூக்கினாள். பதினேழுக்கு இருபத்தொன்று. தோல்வி.

அன்று வீட்டுக்கு வந்தவளைப் பார்க்க வேண்டும். பையை நாற்காலியில் எறிந்தாள்.

"அவளுங்களுக்கு ரசனையே இல்லடி."

அப்பா குளியலறைக்குள் போகப்போனவர் நின்றுவிட்டார். அம்மா இருபத்தொரு பேரையும் மெஷின் வரிசைப்படி சொன்னாள். சி.ஐ.டி.தான் அவர்களுக்குத் தலைவி. அந்த ஓடுகிற பையன் ஒரு முட்டாள், பேருந்து எண்ணைக் குறித்துக்கொண்டு டிப்போவில் போய்க் கொடுத்திருக்கலாம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம். பாட்டு என்றால் என்ன என்று தெரியாதவளோடு என்ன பேசுவது என்று அம்மா என்னிடம் நியாயம் கேட்டாள். பிறகு கொஞ்சம் தணிந்து, மூன்று பேரைத் திருப்பிவிட்டால் போதும், அடுத்த சனிக்கிழமை இருபது ஆகிவிடும் என்றாள். நீ படித்தவள்தானே, இந்தப் பாட்டு ஏன் நல்ல பாட்டு என்று நாலு வரி எழுதிக் கொடு, சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டுகிறேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் உட்கார்ந்து எழுதினேன். ஏக்கம், துரத்தல், முடிவின்மை என்றெல்லாம் வந்தது. அம்மா பொறுமையாகப் படித்தாள்.

"நீ எழுதினது எல்லாம் சரிதான். ஆனா இதைப் படிச்சா யாருக்கும் பாட்டு கேக்கத் தோணாது" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

மூன்று பேரில் முதல் ஆள், பிசிறு மேஜையில் இருக்கும் புதுப் பெண். முழுப் பாட்டையும் நீ சரியாகக் கேட்டதே இல்லை, கொஞ்சம் இரு என்று அவளிடம் சொல்லிவிட்டு அம்மா தொண்டையைச் செருமினாள். பாட ஆரம்பித்தாள். சுருதி இல்லை. தாளம் எங்கேயோ போயிற்று. நடத்துநரின் வரிக்குக் குரலை மாற்ற முயன்று இருமல் வந்தது; இருமிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அப்பா வாசலில் செருப்பை மாட்டியபடியே அசையாமல் நின்று கேட்டார். போனின் அந்தப் பக்கத்துப் பெண், முடிகிறவரை கேட்டுவிட்டு, அவன் குடையைக் கொடுத்தானா என்று கேட்டிருக்க வேண்டும்.

"அதைத்தான் நானும் இத்தனை நாளா பாக்குறேன்" என்றாள் அம்மா. "நீ கையைத் தூக்கு. சேர்ந்து பாப்போம்."